ழகரம் வராவிட்டால் ஓடி வருகிறார்கள்

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்திலிருந்து என் அறையில் கூட்டம் கூடிவிடும். பாளையங்கோட்டையில் பேச்சு, மொழிப் பயிற்சி தரும் சின்ன மையம் என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புகார் ஒன்றுதான்: "பிள்ளைக்கு ழ வரவில்லை, டாக்டர்." நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இப்போதெல்லாம் சொல்வதில்லை. ஐந்து வயதுப் பையனை மடியில் இருத்திக்கொண்டு அப்பா சொல்வார்: "வாளப்பளம் என்கிறான். எத்தனை முறை திருத்தினாலும் வாளப்பளம்தான்." அவர் திருத்திச் சொல்லிக் காட்டும் பழத்திலும் ளகரம்தான் இருக்கும். தெற்கே எங்கள் பக்கம் பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் பேசுகிறோம். வீட்டில் காதில் விழாத ஒலியைப் பிள்ளை எங்கே போய் எடுத்துவருவான்?

ழகரமும் றகரமும் தமிழ்க் குழந்தைகளின் வாய்க்குக் கடைசியாக வந்து சேரும் ஒலிகள். ஐந்து வயதில் வராததற்கு நான் கட்டணம் வாங்கினால் அது பாவம். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவேன். சிலருக்கு அதில் ஏமாற்றம். வேறு ஊருக்குக் கூட்டிப்போய் நாக்குக்குப் பயிற்சி வாங்கித் தருகிறார்கள்.

என்னை உறுத்துவது வராதவர்களைப் பற்றிய நினைப்பு. எல்லா எழுத்தும் மணிமணியாக வந்து, சொற்கள் மட்டும் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கூட்டிவருவதில்லை. வந்தாலும் வேறு யாருக்கோ துணையாக வருகிறார்கள்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு சிறுமி வந்தாள். தம்பிக்கு ழகரம் வரவில்லையென்று அம்மா அழைத்துவந்திருந்தார். இவள் கூட வந்தவள். மூன்றாம் வகுப்பு. மூலையில் உட்கார்ந்து, தம்பிக்காக நான் வைத்திருந்த படத்துண்டுகளை அவனைவிட வேகமாகப் பொருத்திக்கொண்டிருந்தாள். சும்மா பேச்சுக்கொடுத்தேன். காக்கா வடை கதை தெரியுமா? தலையாட்டினாள். சொல், கேட்போம் என்றேன். அவள் சொன்னதை எழுத்து நடைக்கு மாற்றித் தருகிறேன்.

"பாட்டி வடை சுட்டாள். காக்கா எடுத்தது. அது போனது. அங்கே உட்கார்ந்தது. நரி வந்தது. அது சொன்னது... பாட்டு. அது விழுந்தது. அது எடுத்தது. அவ்வளவுதான்."

தேடிப் பாருங்கள், ஒரு பிழை கிடைக்காது. பாட்டிக்கு 'சுட்டாள்', காக்காவுக்கு 'எடுத்தது', எல்லா விகுதியும் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் எது விழுந்தது? யார் எடுத்தது? கதை ஏற்கெனவே தெரிந்த எனக்கு விளங்குகிறது, தெரியாதவருக்கு விளங்காது. நரி ஏன் காக்காவைப் பாடச் சொன்னது என்று கேட்டேன். "அதற்குப் பாட்டு பிடிக்கும்" என்றாள். அவள் வயதுப் பிள்ளைகள் இந்தக் கதையை ஏறக்குறைய இப்படிச் சொல்வார்கள்: "பாட்டி திரும்பிப் பார்ப்பதற்குள் காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த நரி, காக்கா வாயைத் திறந்தால் வடை விழுந்துவிடும் என்று அதைப் பாடச் சொன்னது."

"அவள் கொஞ்சம் மந்தம் மேடம், தம்பிதான் சூட்டிகை" என்றார் அம்மா, அவள் காதுபடவே. பள்ளி டைரியில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் போடுகிறாள். வாக்கியமாகக் கொடுத்த கணக்கில் மட்டும் பூஜ்யம். காது நன்றாகக் கேட்கிறது, பரிசோதித்துப் பார்த்தோம். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், தோழிகளோடு விளையாடுகிறாள், ஆட்டிசத்தின் சாயல் எதுவும் இல்லை. மொழி மட்டும் ஏறவில்லை.

இதற்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர். எங்கள் துறையில் டி.எல்.டி. என்போம். நெடுங்காலம் ஆளுக்கொரு பெயரிட்டு அழைத்துக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் டாரதி பிஷப் முன்னின்று ஆங்கிலம் பேசும் நாடுகளின் வல்லுநர்களைத் திரட்டி, சுற்றுச்சுற்றாகக் கருத்துக் கேட்டு ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். 2016இலும் 2017இலும் அது வெளியானது. இரண்டாம் கட்டத்தில் பங்கேற்றவர்கள் 57 பேர். அதில் எனக்கு மிகவும் பயன்பட்ட முடிவு வேறொன்று. அதற்கு முன்பு, பிள்ளையின் பொது அறிவுத்திறன் நன்றாக இருந்து மொழி மட்டும் பின்தங்கினால்தான் இந்தக் குறைபாட்டின் கணக்கில் சேர்ப்பார்கள். ஐக்யூ சற்றுக் குறைந்தால் 'எல்லாமே மந்தம்தான்' என்று தள்ளிவிடலாம். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அன்றாட வாழ்வையும் படிப்பையும் மொழிச் சிக்கல் இடறுகிறதா, அது தானாகத் தீரக்கூடியதா என்பதே இப்போது கேள்வி.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? 1997இல் புரூஸ் டாம்ப்ளினும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் மழலையர் வகுப்பிலிருந்து 7,218 பிள்ளைகளைச் சலித்துப் பார்த்தார்கள். 7.4 சதவீதம் பேருக்கு இருந்தது. 2016இல் கோர்ட்னி நார்பரி குழுவினர் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பார்த்தபோதும், வேறு காரணம் எதுவும் தெரியாத மொழிக் குறைபாடு 7.58 சதவீதம். முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைப் பற்றி இன்று டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள், நல்லதுதான். அதைவிடப் பலமடங்கு பேருக்கு இருக்கும் இதைப் பற்றி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களே கேள்விப்பட்டதில்லை.

டாம்ப்ளின் ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்ட அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில், "உங்கள் குழந்தைக்குப் பேச்சில் அல்லது மொழியில் பிரச்சினை இருக்கிறது" என்று அதற்கு முன்பு யாராவது சொல்லக் கேட்டிருந்தவர்கள் 29 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. எல்லா வசதியும் இருந்த ஊரிலேயே நிலைமை அது. ஆண், பெண் வேறுபாட்டையும் பார்த்திருக்கிறார்கள்: ஆண் பிள்ளைகளில் 8 சதவீதம், பெண் பிள்ளைகளில் 6 சதவீதம். கிட்டத்தட்டச் சமம் என்றே சொல்லலாம். என் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஆண் பிள்ளைகளின் பெயராகவே இருக்கிறது. ஆண் பிள்ளை வகுப்பில் குழப்பம் செய்வான், புகார் வரும், கூட்டிவருவார்கள். பெண் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'அமைதியான பெண்' என்று நற்சான்றிதழ் கிடைத்துவிடும்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. காது கேட்காத பிள்ளையை இந்த ஊர் அன்றே அடையாளம் கண்டது. காது கேட்கிற, வாய் பேசுகிற, ஆனால் மொழி பின்னப்படாத பிள்ளை கண்ணில் படாமல் போவதற்கு என்ன காரணம் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். அதில் தமிழுக்கே ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலக் குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு வினையின் வாலில் தெரியும். மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும்போது வினைக்குப் பின்னால் வரவேண்டிய ஸகர ஒலியையும், இறந்தகாலத்தைக் காட்டும் ஈற்றையும் விட்டுவிடுவார்கள். மற்ற பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் கடந்துவிடும் இந்தப் பிழை இவர்களிடம் ஏழு, எட்டு வயது வரை நிற்கும். காதில் விழுந்ததுமே ஆசிரியருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும். அதையே அடையாளமாகக் கொண்டு சோதனைகள் உருவாயின. ஆனால் அது ஆங்கிலத்தின் குணம். பர்டூ பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் லியோனர்டு இத்தாலியக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வினைக்கு எப்போதும் ஒரு விகுதி ஒட்டியே வரும் இத்தாலியத்தில், குறைபாடுள்ள பிள்ளைகளும் அந்த விகுதிகளை ஆங்கிலப் பிள்ளைகளைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தடுமாறிய இடங்கள் வேறு.

தமிழும் விகுதி நிறைந்த மொழி. வாக்கியத்தை முடிக்கும் வினையை வெறும் பகுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் 'வா', 'போ' என்று ஏவத்தான் முடியும். மற்றபடி 'வந்தான்', 'வருகிறாள்', 'போனது' என்று விகுதியோடுதான் குழந்தையின் காதில் விழுகிறது. அதனால் மூன்று வயதுக்குள்ளேயே நம் பிள்ளைகள் அதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். என் அறைக்கு வரும் டி.எல்.டி. பிள்ளைகளும் அதில் அதிகம் தவறுவதில்லை. அவர்கள் இடறுவது வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்க்கும் இடத்தில்: 'எடுத்துக்கொண்டு போய்', 'பார்த்த நரி', 'திறந்தால் விழும்', 'விழுமென்று நினைத்து'. வினையெச்சமும் பெயரெச்சமும்தான் தமிழின் எலும்பு மூட்டுகள். மூட்டு மடங்காத பிள்ளை சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசித் தப்பித்துக்கொள்கிறது. சின்ன வாக்கியத்தில் பிழை வராது. பிழை இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆகவே ஆங்கிலச் சோதனையை எடுத்து மொழிபெயர்த்தால் நமக்கு ஒன்றும் அகப்படாது. ஜீன் பெர்கோ 1958இல் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. குழந்தையிடம் பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, அதற்கு அவர் புனைந்த 'வக்' என்ற பெயரைச் சொல்லிவிட்டு, அதுபோல் இரண்டைக் காட்டி என்னவென்று கேட்பார். ஆங்கிலக் குழந்தை பன்மை ஈற்றைச் சேர்த்துச் சொல்லும். கேட்டறியாத சொல்லுக்கும் விதி பொருந்துகிறது என்று நிரூபணமாயிற்று. அதையே தமிழில் செய்தால் பிள்ளை "இரண்டு வக்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நாமும் இரண்டு மாடு, மூன்று தேங்காய் என்றுதானே சொல்கிறோம், அதில் தப்பென்ன?

நான் வேறு மாதிரி செய்கிறேன். ஒரு பையன் வினோதமாகக் காலை உதறும் படம் வைத்திருக்கிறேன். "இவன் நொமுக்குகிறான். நேற்று இவன் என்ன செய்தான்?" எல்லாப் பிள்ளைகளும் "நொமுக்கினான்" என்பார்கள், அந்தச் சிறுமியும் சொன்னாள். அடுத்து இரண்டு பையன்கள் உள்ள படம். ஒருவன் நொமுக்கினான், இன்னொருவன் நொமுக்கவில்லை, ஒருவனுக்கு மட்டும் மிட்டாய் கொடுக்க வேண்டும். "யாருக்குக் கொடுக்கலாம்? விரலால் காட்டாமல் சொல்." மற்றவர்கள் "நொமுக்கிய பையனுக்கு" என்கிறார்கள். அவள் விரலைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். பிறகு "இவனுக்கு" என்றாள்.

எங்கள் துறைக்குத் தெரிந்த இன்னொரு வழி பொருளற்ற சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. 'பேமு' எல்லோருக்கும் வரும். 'தொமூகலிபு' என்று நீளும்போதுதான் வித்தியாசம் தெரியும். சூசன் கேதர்கோலும் ஆலன் பேட்லியும் 1990இல் இதைச் செய்து காட்டினார்கள்: மொழிக் குறைபாடுள்ள பிள்ளைகள் நீண்ட போலிச் சொற்களில் மிகவும் தடுமாறுகிறார்கள். ஒலிச் சங்கிலியைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்திவைப்பதில் சிக்கல் இருந்தால் புதிய சொல் ஒட்டாது. வகுப்பில் 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை நாலு தடவை கேட்டும் ஐந்தாம் தடவை அது புதுச் சொல்லாகவே வந்து நிற்கும்.

தமிழ்க் குழந்தைப் பேச்சை ஆராய்ந்தவர்கள் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு வியப்பூட்டியவர் ஆர். நரசிம்மன். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர். 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய, இந்தியாவிலேயே உருவான கணினி அது. மனிதர் அதோடு நிற்கவில்லை. மொழி மனிதனுக்குள் எப்படி வருகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஆர். வைத்தியநாதனோடு சேர்ந்து ஒரு தமிழ்ப் பெண் குழந்தை ஒன்பது மாதத்திலிருந்து முப்பத்துமூன்று மாதம் வரை வீட்டாரோடு பேசியதை ஒலிநாடாவில் பதிவு செய்து எழுத்தாக்கினார். பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984இல் தொடங்கிய சைல்ட்ஸ் என்ற உலகக் குழந்தைப் பேச்சுக் களஞ்சியத்தில் இன்றும் அந்தப் பதிவு இருக்கிறது. வைத்தியநாதன் அந்தப் பேச்சிலிருந்து, குழந்தை 'வேண்டாம்', 'இல்லை', 'மாட்டேன்' என்று மறுக்கக் கற்றுக்கொள்ளும் வரிசையை எழுதினார். பின்னர் வைஜயந்தி சர்மா, தமிழ்க் குழந்தை வேற்றுமையையும் வினை இயைபையும் கற்பதைப் பற்றி எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். நான் இதையெல்லாம் மைசூரில் படிக்கும்போது ஒருவரும் சொல்லித்தரவில்லை என்பது தனி வருத்தம். ஆனால் ஒரு குழந்தையை வைத்து இயல்பு எது, பின்தங்கல் எது என்று கோடு போட முடியாதே. அதற்குப் பல ஊர், பல வீட்டுப் பிள்ளைகள் வேண்டும்.

காரணங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பெற்றோர் என்னை முந்திக்கொள்வார்கள். நாக்கில் வசம்பு தேய்க்கவில்லை. அம்மா வேலைக்குப் போனாள். கைப்பேசி கொடுத்தோம். சென்னையில் பிறந்தான், அங்கே பேச ஆளில்லை. அந்தச் சிறுமியின் ஆச்சி இரண்டாம் முறை கூடவே வந்தார். "இவள் அப்பனும் இப்படித்தான் அம்மா. ஐந்து வயதுக்கு மேல்தான் ஒழுங்காகப் பேசினான். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. இப்போது லாரி ஓட்டி நன்றாகத்தானே இருக்கிறான்?" ஆறுதலுக்காக அவர் சொன்னது எனக்கு முக்கியமான தகவல். டி.எல்.டி. குடும்பத்தில் ஓடுவது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, இருகரு இரட்டையரைவிட அதிகம் என்று பிஷப்பின் இரட்டையர் ஆய்வுகள் காட்டின. 2001இல் லண்டன் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறையாக ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்த கடும் பேச்சுச் சிக்கலுக்கு ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் ஏற்பட்ட பிழை காரணம் என்று கண்டபோது, 'மொழி மரபணு' கிடைத்துவிட்டதாகப் பத்திரிகைகள் துள்ளின. அது அரிதான ஒரு வழக்கு. பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒற்றை மரபணு எதுவும் அகப்படாது; சின்னச் சின்னக் காரணங்கள் பல சேர்கின்றன. அம்மா வேலைக்குப் போனது அதில் சேராது.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். பட்ரிஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனம் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு அமர்வுகள் கதை படித்து விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்றபோது ஒன்றும் ஏறவில்லை. ஆகவே கைப்பேசி பேசக் கற்றுத்தரும் என்று நம்பிப் பிள்ளையை அதன் முன் உட்காரவைப்பது வீண். ஆனால் டி.எல்.டி.க்குக் கைப்பேசிதான் காரணம் என்று பழி போடுவதற்கு இதில் ஆதாரம் இல்லை. கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சிறுமியின் அப்பா பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டார்.

ஏழை வீட்டில் பேச்சே குறைவு என்றும் ஒரு வாதம் உண்டு. 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் கான்சாஸில் 42 குடும்பங்களைப் பதிவு செய்து, நான்கு வயதுக்குள் ஏழைக் குழந்தை மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்குப் போட்டார்கள். அந்த 42இல் அரசு உதவியில் வாழ்ந்த குடும்பங்கள் ஆறே ஆறு. அதை வைத்து உலகத்து ஏழைத் தாய்மாரை எல்லாம் ஊமையாக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களுக்கு நடுவே ஒரு குழந்தை ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் எத்தனை சொல் கேட்கும் என்று அவர்களும் வந்து எண்ணிப் பார்க்கலாம். பிறகு வந்த ஆய்வுகள் சொல் எண்ணிக்கையைவிடப் பேச்சு மாறிமாறிச் செல்வதைக் கவனித்தன. குழந்தை ஒன்று சொல்ல, பெரியவர் அதற்குப் பதில் சொல்ல, குழந்தை மறுபடி சொல்ல. ரேச்சல் ரோமியோ 2018இல் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, மூளையின் மொழிப் பகுதி இயங்கும் விதத்தோடு தொடர்புபட்டது இந்த மாற்றுப் பேச்சுதான். அதற்குப் பணம் தேவையில்லை.

எனக்குக் கோபம் வருவது இரண்டு மொழி விஷயத்தில். ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் அந்தச் சிறுமியின் பெற்றோரை அழைத்து, "வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழியால் குழம்புகிறாள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் கீழ்ப்படிந்தார்கள். விளைவைப் பாருங்கள். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஏவத்தான் தெரியும்: வா, சாப்பிடு, எழுது, தூங்கு. ஊர்க்கதை, வசவு, கொஞ்சல், கேலி, விடுகதை, கோயில் கொடையில் யார் என்ன சொன்னார்கள் என்ற வம்பு, எல்லாம் தமிழில் இருந்தன. அவற்றை மூட்டை கட்டி வைத்துவிட்டார். மொழி ஏறச் சிரமப்படும் பிள்ளைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே வளமான மொழியையும் நிறுத்தியாயிற்று. பிரெட் ஜெனிசியும் ஜோஹன் பாரடிஸும் கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்ற குறைபாடுள்ள பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒரே மொழி கற்ற, அதே குறைபாடுள்ள பிள்ளைகளைவிட அவர்கள் மோசமாக இல்லை. இரண்டு மொழி ஒரு பிள்ளைக்கு இந்தக் குறைபாட்டைக் கொண்டுவருவதும் இல்லை. உண்மையான குறைபாடு இருந்தால் அது பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் தெரியும். சிறுமியின் தமிழில் தெரிந்தது போல.

"தமிழிலேயே பேசலாமா மேடம்?" என்று அந்த அம்மா அனுமதி கேட்டார். பேசுங்கள், திட்டுவதாக இருந்தாலும் நீளமாகத் திட்டுங்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

பயிற்சி என்றால் நாக்கை நீட்டு, மடக்கு என்று எதிர்பார்த்து வருகிறார்கள். இதில் நாக்குக்கு வேலையே இல்லை. பிள்ளை சொன்னதை எடுத்து, அதன் பொருளை மாற்றாமல், கொஞ்சம் நிறைவான வடிவில் திருப்பிக் கொடுப்பது முக்கியமான முறைகளில் ஒன்று. அவள் "காக்கா எடுத்தது. போனது" என்றால் நான் "ஆமாம், வடையை எடுத்துக்கொண்டு போனது" என்பேன். திருப்பிச் சொல் என்று வற்புறுத்தமாட்டேன். அடுத்த படத்தில் பூனை மீனோடு ஓடும், "இது?" என்பேன். அவளுக்கு அந்த வடிவம் தேவைப்படும் சந்தர்ப்பங்களை ஒரே அமர்வில் அடுக்கிக்கொண்டே போவேன். நாளுக்கு ஒன்றாக வந்தால் ஏறாது, அடர்த்தியாக வர வேண்டும். இந்த முறை பலன் தருவதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதரவு இருக்கிறது. வீட்டுக்கு நான் தரும் வேலை, குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் சோதித்த வழியை ஒட்டியது: படப் புத்தகத்தைப் பெரியவர் படிக்கப் பிள்ளை கேட்பதற்குப் பதிலாக, பிள்ளையைச் சொல்லவிட்டுப் பெரியவர் கேள்வி கேட்டு நீட்டுவது. ஆச்சிதான் இதை ஏற்றுக்கொண்டார். படிக்கத் தெரியாதவர் என்பதால் கேட்பது அவருக்கு இயல்பாக வந்தது. "பிறகு? அவன் ஏன் அப்படிச் செய்தான்? எனக்குத் தெரியாதே, சொல்லேன்."

ஆசிரியர் செய்யக்கூடியது சின்ன வேலைதான். மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது. கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பது. புதுச் சொல்லுக்குப் படம் காட்டுவது. இன்னொரு தடையும் உண்டு: வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத் தமிழ் மற்றொன்று. அரபு மொழியிலும் இதே நிலை. பேச்சு அரபுக்கும் எழுத்து அரபுக்கும் இடையே உள்ள தூரம் சின்னப் பிள்ளைகளின் படிப்பை எப்படி இடறுகிறது என்று எலினோர் சையக்-ஹதாத் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். நம்மூரில் எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தூரத்தை நடந்து கடக்கிறார்கள். டி.எல்.டி. பிள்ளையைக் கை பிடித்துக் கூட்டிச்செல்ல வேண்டும்: பாடத்தை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறப்பது.

இரண்டு வயதுப் பிள்ளை பேசவில்லை என்று வருபவர்களுக்குச் சுருக்கமாக. ஐம்பது சொற்கள் இல்லாமலும், இரண்டு சொற்களைச் சேர்க்காமலும் இருந்தால் தாமதம் என்று கொள்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் பின்னால் எட்டிப்பிடித்துவிடுவார்கள் என்பது லெஸ்லி ரெஸ்கோர்லாவும் மற்றவர்களும் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்தது. எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சங்கடம். சொன்னது புரிகிறதா, சைகை காட்டுகிறதா என்று பாருங்கள். முதல் வேலை காதுப் பரிசோதனை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மொழித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு, கட்டணம் கிடையாது. "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்று சொல்லிக் காதைப் பார்க்காமல் விடுபவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை.

இனி சான்றிதழ். வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்று ஒரு வகை இருப்பதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வருவார்கள். விளக்கத்தைப் படித்தால் அது குரல்வளையை அகற்றியவர்கள், பக்கவாதம் போன்றவற்றால் பேச்சிழந்தவர்கள் மாதிரியானவர்களின் நிரந்தரக் குறைபாட்டைக் குறிக்கிறது. உடலுறுப்பிலோ நரம்பிலோ காரணம் இருக்க வேண்டும். சிறுமிக்கு இரண்டும் கிடையாது. ஆனால் கற்றல் குறைபாட்டுக்கான விளக்கத்தில், டிஸ்லெக்சியாவோடு சேர்த்து, 'வளர்ச்சி சார்ந்த அஃபேசியா' என்ற சொல்லும் இருக்கிறது. டி.எல்.டி.யை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். எழுதியவர் எந்தப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்தாரோ, அவருக்கு என் நன்றி. அறிக்கைகளில் அந்தத் தொடரை அப்படியே மேற்கோள் காட்டி எழுதுகிறேன். ஆனால் கற்றல் குறைபாட்டைச் சான்றளிக்கும் இடத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். கதை சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை. சான்றிதழ் கிடைப்பது அங்கே இருக்கும் அதிகாரியின் பொறுமையைப் பொறுத்தது. சிறுமிக்கு இன்னும் கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குறைபாடு எதுவும் இல்லாத தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு வயதில் கதையை எப்படிக் கோக்கிறார்கள் என்ற பதிவு என்னிடம் போதுமான அளவு இல்லை. அது இல்லாமல் என் 'இயல்பு' என்பது வெறும் மதிப்பீடு. இந்தக் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு பிள்ளைகள் கதை சொல்வதைப் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். பெயரோ படமோ எடுக்கமாட்டேன், குரல் மட்டும். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். இடம் தரக்கூடிய தலைமையாசிரியர்கள், கூட வந்து எழுத்தாக்க உதவக்கூடிய கல்லூரி மாணவர்கள் கீழே எழுதுங்கள். மின்விசிறிச் சத்தம் இல்லாத ஓர் அறை இருந்தால் உத்தமம்.